வெள்ளைப் போட்டும் தூத்துக்குடி சர்வேயரும்

"சர்வேயர் வர்றாரு" என்று வீட்டில் சொன்னதும், பக்கத்து மனைக்காரர் மறுபடியும் எல்லைக் கல்லை நகர்த்திவிட்டாரோ என்றுதான் உம்மா நினைத்தார். எங்கள் ஊரில் சர்வேயர் என்றால் சங்கிலி, கல், தாலுகா ஆபீஸ். "நிலம் அளக்குறவரு இல்ல உம்மா, போட்டைச் சோதிச்சுப் பாக்குறவரு" என்றேன். உம்மா கொஞ்ச நேரம் யோசித்தார். அப்புறம் கேட்டார்: "கீழக்கரையில போட்டு பாக்கத் தெரியாத ஆம்பளை யாரு இருக்கா? அதுக்குத் தூத்துக்குடியில இருந்து ஆளு வரணுமா?"

நியாயமான கேள்விதான். எனக்கு அதற்குச் சரியான பதில் கிடைக்க இரண்டு மாதம் ஆனது.

போட்டை வாங்க நினைத்தது நான் இல்லை, மச்சான். ராத்தாவின், அதாவது அக்காவின் வீட்டுக்காரர். துபாய் தேராவில் இருபது வருடம் மொபைல் கடை வைத்திருந்துவிட்டு, கடையைக் கொடுத்துவிட்டு ஊர் வந்தவர். கையில் பணமும் கண் முன்னால் கடலும் இருந்தால் எங்கள் ஆட்களுக்கு ஒரே ஒரு யோசனைதான் வரும். மற்றவர்கள் விசைப்படகோ ஃபைபர் வத்தையோ வாங்குவார்கள். மச்சானுக்கு அது போதவில்லை. துபாய் மெரினாவில் வெள்ளிக்கிழமைகளில் பார்த்த மாதிரி, மேலே ஏறி உட்கார்ந்து டீ குடிக்கிற மாடி வைத்த யாட், அதாவது சொகுசுப் படகு வேண்டும்.

அந்த யாட் மண்டபம் ஊரின் வடக்குக் கடலில், விசைப்படகுகளுக்கு நடுவே, கல்யாண வீட்டுக்கு வந்த வெள்ளைக்காரனைப் போலத் தனியாக நின்றது. 38 அடி, 2006இல் இத்தாலியில் கட்டியது, இரண்டு டர்போ டீசல் என்ஜின். கோவாவிலிருந்து சென்னைக்குப் போகும் வழி. மன்னார் வளைகுடாவிலிருந்து பாக் நீரிணைப் பக்கம் வர வேண்டுமானால் பாம்பன் கால்வாயைத்தான் தாண்ட வேண்டும். பாலம் திறக்க அனுமதி வாங்கி, தெற்கே காத்திருந்து, மற்றப் படகுகளோடு வரிசையாகக் கடந்திருக்கிறது. கடந்த பிறகு "டீசல் பில்டர் அடைச்சுக்கிச்சு" என்று மண்டபத்தில் நங்கூரம் போட்டது. போட்ட நங்கூரம் போட்டபடியே இருக்க, உரிமையாளர் விற்கிற முடிவுக்கு வந்துவிட்டார். விலை 65 லட்சம். இடையில் ஒரு புரோக்கர் தம்பி. எங்கள் ஊர்க்காரன், பேச்சில் கெட்டிக்காரன்.

நான் துபாயில் இருந்தது பதின்மூன்று வருடம். கடை இல்லை, யாட்டில் வேலை. முதல் நான்கு வருடம் டெக் கழுவினேன், அப்புறம் என்ஜின் அறையில் எடுபிடி, கடைசியில் ஒரு அரபி முதலாளியின் 52 அடி யாட்டுக்கு முழு நேர மெக்கானிக். அந்தக் காலத்தில் நாலைந்து சர்வே கூடவே நின்று பார்த்திருக்கிறேன். அங்கே முறை இப்படி: விலை பேசி முடித்து, பத்து சதவீதம் முன்பணம் கட்டி, "சர்வேயில் திருப்தி இல்லையென்றால் பணம் திரும்ப" என்று ஒப்பந்தத்தில் எழுதிவிட்டு, அப்புறம்தான் சர்வேயரைக் கூட்டிவருவார்கள். தண்ணீரிலிருந்து தூக்கி ஒரு பார்வை, கடலில் ஓட்டி ஒரு பார்வை. என்ஜின் எண்ணெயைச் சின்னக் குப்பியில் எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். எண்ணெயில் எந்த உலோகத் துகள் எவ்வளவு என்று பார்த்து, உள்ளே எது தேய்கிறது என்பதைச் சொல்லிவிடுவார்கள். என் முதலாளி ஒருமுறை மிக ஆசையாகப் பார்த்த ஒரு யாட்டின் அடியறையில் மூன்று மணி நேரம் படுத்துக் கிடந்த சர்வேயர், எழுந்து வந்து கை துடைத்துக்கொண்டே ஒரே வார்த்தை சொன்னார்: "வேண்டாம்." முதலாளி காரணம்கூடக் கேட்கவில்லை. அன்றிலிருந்து எனக்கு அந்த வேலை மீது ஒரு மரியாதை.

ஆகவே மச்சானிடம் சொன்னேன். "மச்சான், சர்வேயர் பார்க்காம ஒரு ரூபா கொடுக்காதீங்க."

"எதுக்கு மாப்ள? நீ இருக்க. ஓடாவி மாமா இருக்காரு. அவரு தட்டிப் பாத்தா போதாதா?"

ஓடாவி மாமா என்பவர் எங்கள் தெருக்காரர். வயது எழுபத்து நாலு. ஓடாவி என்றால் கப்பல் தச்சர். இளசுகளுக்கு இந்தச் சொல்லே மறந்து போச்சு. தோணி கட்டின பரம்பரை. அடிமரமான ஏரா வைத்து, விலா எலும்பு மாதிரி வங்குக்கால் நிறுத்தி, பலகை சேர்த்து, இடுக்கை அடைக்கிற கலப்பத்து அடித்து ஒரு தோணியை வெறுங்கண்ணால் அளந்து கட்டியவர். அவரையும் ஒரு நாள் மண்டபத்துக்குக் கூட்டிப்போனோம். சின்ன வத்தையில் யாட்டைச் சுற்றி வந்தார், ஏறினார், நடந்து பார்த்தார், இறங்கினார். "மரம்னா நான் சொல்லிருவேன். இது பிளாஸ்டிக்கு. நமக்கு என்ன தெரியும்?" என்று முடித்துக்கொண்டார். அப்போது அது அடக்கம் என்று நினைத்தேன்.

சர்வேயர் தேடின கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் பாதி பேர் சறுக்குவது இங்கேதான். முதலில் புரோக்கர் தம்பியே ஒரு பெயர் கொடுத்தான். "நம்ம ஆளுதான் காக்கா, பாதி ஃபீஸ்ல முடிச்சுத் தருவாரு." காக்கா என்றால் எங்கள் ஊரில் அண்ணன். நம்ம ஆளு என்றால் யாருடைய ஆளு? விற்பவனோ புரோக்கரோ கை காட்டுகிற சர்வேயர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் வேண்டாம். அடுத்த மாதமும் அந்த புரோக்கரிடமிருந்து அவருக்கு வேலை வர வேண்டும் அல்லவா? இரண்டாவது ஒருவர், காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் உரிமம் வைத்திருப்பவர், பழுத்த அனுபவம். பேசிப் பார்த்ததில் அவர் அனுபவமெல்லாம் விபத்து நடந்த பிறகு நஷ்டம் கணக்குப் போடுவது. வாங்குவதற்கு முன்னால் ஃபைபர் யாட்டைப் பார்த்ததுண்டா என்று கேட்டேன். "எல்லாம் ஒண்ணுதானே" என்றார். ஒன்று இல்லை. செத்த பிறகு பிரேதப் பரிசோதனை செய்கிறவரும் பிள்ளை பிறக்குமுன் ஸ்கேன் பார்க்கிறவரும் டாக்டர்தான், ஆனால் இடம் மாறிப் போய் நிற்க முடியாது.

மூன்றாவதாகக் கிடைத்தவர் தூத்துக்குடிக்காரர். கப்பலில் தலைமை என்ஜினியராக இருந்து ஓய்வு பெற்று, கொச்சியிலும் கோவாவிலும் யாட் பார்த்தவர். பழைய அறிக்கை ஒன்றைப் பெயர்களை மறைத்து அனுப்பச் சொன்னேன். அனுப்பினார். அதில் ஒரு படகின் கழிப்பறைக் குழாய் வால்வைப் பற்றியே முக்கால் பக்கம் எழுதியிருந்தார். இவர்தான் என்று முடிவு செய்தேன். கட்டணம் 45,000, கார், தங்குமிடம் தனி. அவர் கேட்ட ஒரே கேள்வி, "அறிக்கை யார் பெயருக்கு?" மச்சான் பெயருக்கு என்றேன். "அப்ப விற்கிறவர் போன் பண்ணினா நான் எடுக்க மாட்டேன். சொல்லி வெச்சிடுங்க."

அடுத்த சண்டை, படகைத் தண்ணீரிலிருந்து தூக்குவது பற்றி. புரோக்கர், "தண்ணியிலயே பாத்துக்கட்டும் காக்கா, கண்ணாடி மாதிரி தண்ணி, அடி தெரியுது" என்றான். உண்மையில் பங்குனி மாதத்து வடகடல் கண்ணாடிதான். வாடை ஓய்ந்து கச்சான் இன்னும் தொடங்காத நாட்கள். ஆனால் அடியில் கை வைக்காமல் அடியைப் பார்த்ததாகக் கணக்கு வைக்க முடியாது. அவசரமும் இருந்தது. ஏப்ரல் 15 தடைக்காலம் ஆரம்பித்தால் அறுபத்தோரு நாள் விசைப்படகுகள் எல்லாம் பழுது பார்க்கக் கரையேறும். அப்புறம் ஒரு தச்சர் கிடைக்க மாட்டார், ஒரு வெல்டர் கிடைக்க மாட்டார், கால் வைக்க இடமும் கிடைக்காது. நம் விசைப்படகுகளை இழுக்கிற மாதிரி வின்ச் போட்டு இதை இழுக்கவும் முடியாது. அடியில் நீட்டிக்கொண்டிருக்கிற இரண்டு புரொப்பல்லரும் நசுங்கும். இராமநாதபுரத்திலிருந்து கிரேன் பேசினேன், 28,000. வாங்குகிறவன் தலையில்தான் இந்தச் செலவும். மச்சான் முகம் சுருங்கியது.

முன்பணம் இரண்டு லட்சம் கேட்டார்கள். கொடுத்தோம், ஆனால் நூறு ரூபாய் பத்திரத்தில் ஒரு வரி எழுதி வாங்கிய பிறகு: சர்வே அறிக்கை வாங்குபவருக்குத் திருப்தி தராவிட்டால் முழுத் தொகையும் திரும்ப. புரோக்கர் சிரித்தான். "நம்மளுக்குள்ள எதுக்கு காக்கா பத்திரம்?" நம்மளுக்குள்ளதான் வேண்டும் தம்பி.

சர்வேயர் ஒன்பது மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். ஏழே காலுக்கே மண்டபம் வந்து நின்றார். ஒல்லியான மனிதர், பழைய நீல ஓவரால், ஒரு பிளாஸ்டிக் தலை வைத்த சின்னச் சுத்தியல், டார்ச், பல் டாக்டர் வைத்திருப்பது போல நீளக் கைப்பிடி வைத்த கண்ணாடி. படகில் ஏறியதும் யாரிடமும் பேசவில்லை. நேராக என்ஜின் அறை மூடியைத் திறந்து, உள்ளே இறங்கி, இரண்டு கையையும் இரண்டு என்ஜின் மேல் வைத்தார். காய்ச்சல் பார்ப்பது போல. கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார். பிறகு தலையைத் தூக்கி, "யாரு ஸ்டார்ட் பண்ணினது?" என்றார்.

படகுக் காவலுக்கு இருந்த பையன் புரோக்கரைப் பார்த்தான். புரோக்கர் கடலைப் பார்த்தான்.

"சும்மா பேட்டரி சார்ஜ் ஏற... விடியக்காலையில கொஞ்ச நேரம்..."

"சரி. நாளைக்கு வர்றேன். யாரும் தொடக்கூடாது." இறங்கி, தங்கும் விடுதிக்குப் போய்விட்டார். மச்சானுக்கு ஒரே கோபம். ஒரு நாள் வாடகை கூடுதல் அல்லவா. நான் விளக்கினேன்: கோளாறுள்ள டீசல் என்ஜின் தன் குறையைக் காட்டுவது குளிரில் எழும்போதுதான். சூடாக இருந்தால் கிழவனும் குமரன்போல எழுந்து நிற்பான். அதற்காகத்தான் முன்கூட்டியே சூடேற்றி வைப்பார்கள். அன்று இரவு யாட்டிலேயே படுத்துக்கொண்டேன், காவலுக்கு.

மறுநாள் குளிர்ந்த என்ஜின். வலது என்ஜின் ஒரே திருப்பில் பிடித்தது. இடது நாலு முறை இருமி, வெள்ளைப் புகை கக்கி, பிறகு பிடித்தது. குளிரில் வெள்ளைப் புகை கொஞ்சம் வருவது சகஜம். ஒரு நிமிடத்தில் நின்றுவிட வேண்டும். இது நின்றது, ஆனால் அதற்குப் பதிலாக மெல்லிய நீலம் வந்தது. நீலம் என்றால் எண்ணெய் எரிகிறது. கறுப்பு என்றால் டீசல் முழுதாக எரியவில்லை, அல்லது என்ஜின் சுமக்க முடியாததைச் சுமக்கிறது. சர்வேயர் ஒன்றும் சொல்லாமல் நோட்டில் எழுதினார். பக்கத்தில், என்ஜின் மொத்தம் எவ்வளவு நேரம் ஓடியது என்று காட்டுகிற மணி மீட்டர். 640 மணி நேரம் என்று காட்டியது. மற்ற மீட்டர்களின் கண்ணாடியெல்லாம் வெயிலில் மஞ்சளித்திருக்க, அது மட்டும் பளிச்சென்று இருந்தது. அதையும் எழுதினார்.

பிறகு கடலில் ஓட்டம். பாம்பன் பாலங்கள் தெரியும் தூரத்தில், ஒன்றரை மணி நேரம். 1914இல் திறந்த பழைய ரயில் பாலமும் 2025 ஏப்ரலில் திறந்த புதுத் தூக்குப் பாலமும் பக்கத்துப் பக்கத்தில். சர்வேயர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. என்ஜின் அறை மூடியின் மேல் பாதி தண்ணீர் நிறைந்த ஒரு பாட்டிலை வைத்து, அதையே பார்த்துக்கொண்டிருந்தார். என்ஜின் நிமிடத்துக்கு 1,200 சுற்றில் ஓடியபோது தண்ணீர் சும்மா இருந்தது. 1,600இல் நடுவில் வட்டம் வட்டமாக எழும்பியது. 1,900இல் அடங்கியது. மறுபடியும் 1,600க்கு இறக்கச் சொன்னார். மறுபடியும் வட்டம். வலது என்ஜினை நியூட்ரலில் போட்டு இடதை மட்டும் ஓட்டச் சொன்னார், வட்டம் இல்லை. வலதை மட்டும் ஓட்டினால் பாட்டிலே நகர்ந்தது.

அவர் என்னைப் பார்த்து, "நீங்க மெக்கானிக் தானே, என்ன சொல்றீங்க?" என்றார்.

"ஷாப்ட் வளைஞ்சிருக்கலாம் சார். இல்ல புரொப்பல்லர்." ஷாப்ட் என்பது என்ஜினையும் புரொப்பல்லரையும் இணைக்கிற தண்டு.

"ம்." அவ்வளவுதான்.

முழு வேகத்தில் 2,600 சுற்று வர வேண்டிய என்ஜின். இடது 2,550 வந்தது, வலது 2,250இல் நின்றுகொண்டு கறுப்பாகப் புகைந்தது. குளிரில் நல்ல பிள்ளையாக எழுந்த என்ஜின் அதுதான். உள்ளே நல்ல என்ஜின், வெளியே ஏதோ பிடித்து இழுக்கிறது. உரிமையாளரின் ஆள், "அடியில பாசி பிடிச்சிருக்கும் சார்" என்றான். பாசி பிடித்தால் இரண்டு பக்கமும்தானே இழுக்கும்?

மதியம் கிரேன் வந்தது. இரண்டு பெரிய பட்டைகளில் தொங்கியபடி யாட் மெதுவாக மேலே வந்தபோது, கரையில் வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள், டீக்கடைக்காரர், ஐஸ் வண்டிக்காரர் என்று ஒரு கூட்டமே கூடிவிட்டது. யாரும் எதுவும் சொல்லவில்லை. எல்லாரும் ஒரே இடத்தைப் பார்த்தார்கள் என்பதை அப்போது நான் கவனிக்கவில்லை. பிற்பாடு நினைத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. வலது புரொப்பல்லரைப் பார்த்தார்கள். அதன் நாலு இதழில் மூன்றின் நுனி, வெயிலில் காய்ந்த வெற்றிலை மாதிரி சுருண்டிருந்தது. யாரோ அரம் போட்டுத் தேய்த்துப் பாலிஷும் செய்திருந்தார்கள்.

சர்வேயர் அங்கேயும் முதலில் போகவில்லை. அணியத்திலிருந்து, அதாவது படகின் முன்முனையிலிருந்து ஆரம்பித்தார். சுத்தியலால் தட்டிக்கொண்டே போனார்; ஒரு கை அகலத்துக்கு ஒரு தட்டு. சந்தையில் பானை வாங்குகிற பெண்கள் தட்டுவார்களே, அதே காது. டக், டக், டக். ஃபைபர் உறுதியாக இருக்கும் இடத்தில் சத்தம் மேலே தெறித்து வரும். உள்ளே அடுக்குகள் விட்டுப் போயிருந்தால் தொப்பென்று செத்த சத்தம். செத்த சத்தம் வந்த இடத்தில் சாக்குக் கட்டியால் வட்டம் போட்டார். தண்ணீர் மட்டம் தொடுகிற வாட்டர்லைனுக்குக் கீழே சின்னச் சின்னக் கொப்புளங்கள் இருந்தன. உரிமையாளரின் ஆளிடம் அனுமதி கேட்டு, கண்ணாடி மாட்டிக்கொண்டு, ஒன்றை ஊசியால் குத்தினார். பீய்ச்சிக்கொண்டு வந்தது ஒரு சொட்டு. விரலில் எடுத்து என் மூக்கருகில் நீட்டினார். வினிகர் வாடை. ஃபைபருக்குள் தண்ணீர் இறங்கி, உள்ளே ரசாயனம் கரைந்தால் வருகிற வாடை. "இது இந்த வயசுல வர்றதுதான். இதுக்காக ஓட வேண்டாம்" என்றார். ஈரமானியும் வைத்துப் பார்த்தார், ஆனால் இன்றுதான் தண்ணீரிலிருந்து ஏறிய படகில் அந்த எண்ணை முழுசாக நம்பக்கூடாது என்றும் சொல்லிவிட்டார்.

தண்ணீர் எடுக்கும் வால்வு ஒன்றைக் கத்தி முனையால் லேசாகச் சுரண்டினார். பித்தளை மஞ்சளாக இருக்க வேண்டும். இது உள்ளே ரோஜா நிறத்தில் இருந்தது. பித்தளையில் உள்ள துத்தநாகம் கடல் நீரில் கரைந்து போய், செம்பு மட்டும் சல்லடை மாதிரி மிஞ்சியிருக்கிறது. பார்க்க வால்வு மாதிரியே இருக்கும். ஒரு நாள் கையோடு வந்துவிடும்.

கடைசியாக வலது ஷாப்ட். அதைத் தாங்கும் வெண்கலக் காலை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டினார். ஆடியது. கண்ணுக்குத் தெரிகிற ஆட்டம் இல்லை. அது படகுக்குள் நுழைகிற இடத்தில் ஒரு மயிரிழைக் கோடு திறந்து மூடியது. ஏணி போட்டு மேலே ஏறி, உள்ளே பின் பக்கத் தரைப் பலகையைத் தூக்கினார். டார்ச் அடித்தார். என்னையும் கூப்பிட்டார்.

அடியறை முழுக்க இருபது வருட அழுக்கு: டீசல் பிசுக்கு, மணல், ஒரு செத்த கரப்பான். ஆனால் அந்தக் காலின் போல்ட்டுகளைச் சுற்றி மட்டும் ஒரு பெரிய தட்டு அகலத்துக்கு, பால் மாதிரி வெள்ளைப் பெயிண்ட். பிரஷ்ஷின் மயிர் ஒன்று அதில் ஒட்டிக்கொண்டு நின்றது.

"வீடு பூரா அழுக்கா இருக்கு, ஒரு மூலைய மட்டும் கழுவி வெச்சிருக்காங்க. என்ன நடந்திருக்கும்?" என்றார். முதல் முறையாகச் சிரித்தார்.

அறிக்கை எட்டு நாளில் வந்தது. 31 பக்கம், படங்களோடு. சாரம்: படகு சமீபத்தில் வலது பக்க அடியில் கடினமான எதன் மீதோ மோதியிருக்கிறது, ஷாப்ட் வளைந்திருக்கிறது, அதைத் தாங்கும் கால் பிடித்திருக்கும் ஃபைபர் விரிசல் விட்டு, உள்ளே மேலோட்டமாகப் பூசி மறைக்கப்பட்டிருக்கிறது, அப்படியே ஓட்டினால் அந்த இடம் திறந்துகொள்ளும் ஆபத்து உண்டு. இடது என்ஜினை இன்னொரு முறை தனியாகத் திறந்து பார்க்க வேண்டும். பழுதுக்கு உத்தேசமாக 12 லட்சம். இன்றைய நிலையில் மதிப்பு 41 முதல் 44 லட்சம்.

முதல் பக்கத்திலேயே இன்னொன்றும் இருந்தது: எதையெல்லாம் பார்க்கவில்லை என்ற பட்டியல். டீசல் தொட்டியின் உள்பக்கம், மரப் பலகை மறைத்த இடங்கள், கழற்றாத என்ஜின் பாகங்கள். மச்சான் அதைப் படித்துக் கொதித்தார். "45,000 வாங்கிக்கிட்டு 'பார்க்கவில்லை'ன்னு எழுதுறான் பாரு மாப்ள!" எனக்கு அந்தப் பக்கம்தான் பிடித்தது. பார்க்காததைப் பார்க்கவில்லை என்று எழுதுகிற ஆள், பார்த்தேன் என்று எழுதினால் பார்த்திருப்பார். காகிதங்களும் அவர் கணக்கில் வராது. பதிவுச் சான்று யார் பெயரில், வங்கிக் கடன் உண்டா, வெளிநாட்டுப் படகு என்றால் சுங்க வரி கட்டிய ரசீது இருக்கிறதா என்பதெல்லாம் வாங்குகிறவன் தனியாகத் துருவ வேண்டியவை. துருவினேன். அவை சரியாகவே இருந்தன.

விலை 65இலிருந்து 58, 55, 52 வரை இறங்கியது. 52இல் கல் மாதிரி நின்றது. மச்சான் கணக்குப் போட்டார்: 52, பழுதுக்கு 12, ஆக 64. "முதல்ல சொன்ன விலைக்குள்ளதானே மாப்ள வருது?" ஆசை கணக்குப் போட்டால் கூட்டல் எப்போதும் சரியாகத்தான் வரும். நான் பேசிப் பேசி ஓய்ந்துவிட்டேன். ராத்தா அடுப்படியிலிருந்து வந்து அறிக்கையைப் புரட்டினார். அந்த வெள்ளைப் பெயிண்ட் படத்தில் நிறுத்தினார். "இது என்னடா?" என்றார். சொன்னேன். "இடிச்சது சரி, கடல்ல யாரு இடிக்கல. ஏன் மறைச்சான்?" என்று கேட்டுவிட்டு, மச்சானைப் பார்த்துவிட்டு, உள்ளே போய்விட்டார். அன்று இரவே மச்சான் புரோக்கருக்குப் போன் செய்து வேண்டாம் என்றார். இரண்டு லட்சம் திரும்ப ஐந்து வாரம் ஆனது. அந்த நூறு ரூபாய்ப் பத்திரம் இல்லையென்றால் வந்தே இருக்காது.

இதெல்லாம் முடிந்து, தடைக்காலத்தில் ஒரு நாள் மண்டபம் டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். யாட் இன்னும் கரையில்தான், முட்டுக் கொடுத்து நின்றது. காக்கை ஒன்று அதன் மாடியில். கடைக்காரரிடம் சும்மா பேச்சுக் கொடுத்தேன்.

"அந்த வெள்ளப் போட்டா?" என்றார், கிளாஸைக் கழுவிக்கொண்டே. "பாலத்தைத் தாண்டி வரும்போது நீரோட்டத்துல இழுத்து, வரிசையை விட்டு விலகி, பாறையில ஏறி நின்னுச்சே. அரை மணி நேரம். நம்ம பையங்கதான் கயிறு போட்டு இழுத்து விட்டாங்க. ஆளுக்கு ஐநூறு குடுத்தான்."

"அண்ணே, நாங்க கிரேன் போட்டுத் தூக்கினப்ப நீங்களும் நின்னீங்கல்ல?"

"நின்னேன்."

"சொல்லியிருக்கலாமே?"

அவர் ஒரு வினாடி என்னைப் பார்த்தார். "நீங்க யாரு, வாங்குறவரா விக்கிறவரானே எனக்குத் தெரியாது தம்பி. புரோக்கர் தம்பி தினம் இங்கதான் டீ குடிக்குது."

நேராக ஓடாவி மாமா வீட்டுக்குப் போனேன். திண்ணையில் உட்கார்ந்து உளிக்குச் சாணை பிடித்துக்கொண்டிருந்தார். கதையைச் சொன்னேன். வியப்பே இல்லை அவர் முகத்தில்.

"மாமா, உங்களுக்குத் தெரியுமா?"

"ஏறினப்பவே தெரியும். பின்னால நடந்தேன்ல, கால்ல தட்டுப்பட்டுச்சு. தரைப் பலகை அசைஞ்ச சத்தம் வேற மாதிரி இருந்துச்சு. யாரோ தூக்கி வேலை பாத்திருக்கான்."

"அப்ப பிளாஸ்டிக்கு, எனக்கு என்ன தெரியும்னீங்க?"

உளியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "புரோக்கர் பய யாரு? என் மகளைக் கட்டின வீட்டுப் பையன். மருமவனோட தம்பி. நான் வாயத் தொறந்து வியாபாரம் கெட்டா, என் புள்ள அந்த வீட்டுல எப்படிச் சோறு திங்கும்? நீ ஆள் கூட்டியாருவன்னு தெரியும். அதான் பேசாம இறங்கிட்டேன்."

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. டீ வந்தது, குடித்தேன். எழுந்து செருப்பு மாட்டும்போது மாமா கூப்பிட்டார்.

"தம்பி, அந்தத் தூத்துக்குடிக்காரர் நம்பர் இருக்கா?"

"எதுக்கு மாமா?"

"சின்னவன் ஃபைபர் போட்டு ஒண்ணு வாங்குறான், தொண்டியில. செகண்ட் ஹேண்ட்."

"முப்பது அடி ஃபைபருக்கு அவ்வளவு செலவு எதுக்கு மாமா? நீங்களே ஒரு தட்டுத் தட்டினா..."

"சம்பந்தி போட்டு" என்றார் மாமா. "நான் எப்படித் தட்டுறது?"